மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆயில் பிரஷர் மீட்டர்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடித்து, மாற்று மீட்டர் தேர்ந்தெடுக்கும் வழிமுறை

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை உற்பத்தியான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வைத்திருப்பவர்கள், ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்துக் கவலைப்படாத நாள் அரிது. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அழைக்கப்பட்ட இந்தக் காரில், முள் தாழ்ந்தவுடன் புது மீட்டர் வாங்கிவிடுவதே பலரும் செய்யும் முதல் தவறு. முள், சென்சார், வயர், எர்த், ஆயில் ஆகிய ஐந்தில் எது பழுது என்று தெரியாமல் மீட்டரை மாற்றினால், பழைய சந்தேகம் புதிய கண்ணாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான் நடக்கும். ஆகவே இந்த வழிமுறை அறிகுறியில் தொடங்கி, மாற்று மீட்டர் உண்மையிலேயே தேவைப்படுகிற இடத்துக்கு வந்து சேர்கிறது.

இதற்கு இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, ஓம் அளவைக் காட்டும் சாதாரண மல்டிமீட்டர். மற்றொன்று, சிறு ஹோஸுடன் வரும் கையடக்கமான மெக்கானிக்கல் பிரஷர் கேஜ். இதற்கு மின்சாரம் தேவையில்லை. வளைந்த பித்தளைக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது அந்தக் குழாய் நிமிர முயல்வதையே முள்ளின் அசைவாக மாற்றும் இந்த அமைப்புக்கு, பிரான்ஸைச் சேர்ந்த யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்றார். இன்றும் ஆயில் பிரஷர் விஷயத்தில் இறுதித் தீர்ப்பு சொல்லும் கருவி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. புது மீட்டருக்குச் செலவழிக்கும் முன், அதில் ஒரு சிறு பங்கை இந்தக் கேஜுக்குச் செலவிடுங்கள்.

முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் முள் நடுவுக்கு வந்து, ஐடிலிங்கிலும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலை) 5000 ஆர்பிஎம்மிலும் (நிமிடத்துக்கு 5000 சுற்று) அங்கேயே அசையாமல் நிற்கிறது என்றால், முதலில் காரின் மாடல் ஆண்டைப் பாருங்கள். 1990 முதல் 1994 வரையிலான மாடல்களில் உண்மையான மீட்டர் இருந்தது. 1995 மாடல் முதல், டயல் பார்ப்பதற்கு மீட்டர் போலவே இருந்தாலும், அதை இயக்குவது வெறும் ஆன்-ஆஃப் சுவிட்ச்தான். அழுத்தம் ஒரு குறைந்தபட்ச அளவைத் தாண்டியதும் சுவிட்ச் இணைகிறது, முள் நடுவுக்கு வருகிறது, அதற்குமேல் அந்த மீட்டருக்கு எதுவும் தெரியாது. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது.

இது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. ஆனாலும் எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. அழுத்தம் 50 பிஎஸ்ஐயிலிருந்து (பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) 15க்குச் சரிந்தாலும் முள் அசையாமல் நிற்கும் ஒரு கருவியை, எண்கள் எழுதிய வட்டத்துக்குள் வைப்பது ஓட்டுநருக்குத் தவறான நம்பிக்கையைத் தருகிறது. இந்த ஆண்டுக் கார்களை வைத்திருப்பவர்கள் உண்மையான மீட்டர் பொருத்திக்கொள்வது நியாயமான செலவு.

எது பொருத்தப்பட்டிருக்கிறது என்று உறுதிப்படுத்த, இன்ஜினின் இன்டேக் பக்கம், மேனிஃபோல்டுக்குக் கீழே ஆயில் ஃபில்டர் இருக்கும் பகுதியைப் பாருங்கள். உண்மையான மீட்டருக்கான சென்சார், சிறு தகர டப்பா போலத் தடித்த உருளையாக இருக்கும். சுவிட்ச் விரல் நுனி அளவுக்குச் சிறியது. முன் உரிமையாளர் எதையாவது மாற்றியிருக்கக்கூடும் என்பதால், ஆண்டை மட்டும் நம்பாமல் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும்போது முள் பூஜ்யத்துக்கு விழுகிறது

வேறு எதையும் யோசிக்கும் முன் இன்ஜினை நிறுத்துங்கள். மீட்டர் பழுதாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு வீடு வரை ஓட்டிச் செல்வது, பேரிங்குகளைப் பணயம் வைப்பதாகும். சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தாலோ, காருக்கு அடியில் சொட்டு விழுந்திருந்தாலோ, நிறுத்துவதற்கு முன் இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து கனமான தட்டல் சத்தம் கேட்டிருந்தாலோ, காரை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். முதல் தலைமுறை இன்ஜின்களில் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் (ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் பாகங்கள்) இருப்பதால், நீண்ட நாள் நின்ற பிறகு மேற்பகுதியில் டிக் டிக் என்ற மெல்லிய ஒலி சிறிது நேரம் கேட்பதுண்டு. அதை மட்டும் வைத்து அழுத்தம் இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

ஆயில் அளவும் சத்தமும் சரியாக இருந்தால், சென்சாரின் ஒற்றை வயரைக் கழற்றுங்கள். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமல், அந்த வயரின் முனையை இன்ஜின் உலோகத்தில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 1994 வரையிலான உண்மையான மீட்டரில் முள் மேல்நோக்கி எழ வேண்டும். எழுந்தால் மீட்டரும் வயரும் நலமாக இருக்கின்றன, சந்தேகம் சென்சார் மேல் விழுகிறது. எழாவிட்டால், மீட்டர் ஃபியூஸையும், அதன்பின் வயர் எங்காவது அறுந்திருக்கிறதா என்பதையும், கடைசியாக மீட்டரையும் பார்க்க வேண்டும். முள் முழு அளவுக்கு எழும் முன்பே வயரை எடுத்துவிடுங்கள். அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

என் காரில் முதல் முறை முள் விழுந்தபோது, இன்ஜின் போய்விட்டது என்றே நினைத்து ஓரங்கட்டினேன். பிறகு கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், ரப்பர் உறை ஆயிலில் ஊறிப் பிசுபிசுப்பாக இருந்தது, அதற்குள் இருந்த பித்தளைக் கவ்வி பச்சை படிந்து, ஒரு பக்கம் வாய் பிளந்து நின்றது. நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, கவ்வியை இடுக்கியால் மெல்ல நெருக்கியதும் முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த உறைக்குள் ஆயில் எப்படி வந்தது என்ற கேள்வியை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சென்சாரின் உள்ளே இருக்கும் தகடு கசியத் தொடங்கினால், ஆயில் மின்முனை வழியாகத்தான் வெளியே வரும். கனெக்டருக்குள் ஆயில் இருந்தால் அந்தச் சென்சாரின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கொண்டு, சுத்தம் செய்வதோடு நிற்காமல் மாற்றிவிடுங்கள்.

சாவி போட்டவுடன் முள் கடைசிக்கு ஓடுகிறது

இன்ஜின் ஓடாதபோதே முள் உச்சத்துக்குப் போனால், அது ஆயில் தொடர்பான பழுதாக இருக்க முடியாது. சென்சார் வயரைக் கழற்றிப் பாருங்கள். முள் கீழே இறங்கினால் சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. இறங்காவிட்டால் வயர் வழியில் எங்கோ உறை கிழிந்து பாடியைத் தொடுகிறது. இன்டேக் மேனிஃபோல்டின் தாங்கிக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே வயர் நசுங்கியிருக்கிறதா என்று அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

வெளியில் வாங்கிய மீட்டர் பொருத்திய காராக இருந்தால், இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஐரோப்பிய வகை மீட்டர்களில் சென்சாரின் தடை பூஜ்ய அழுத்தத்தில் சுமார் 10 ஓம், முழு அழுத்தத்தில் சுமார் 180 ஓம். அதாவது அழுத்தம் ஏற ஏறத் தடையும் ஏறுகிறது. வயர் அறுந்தால் முள் உச்சத்துக்குப் போகும், வயர் பாடியில் பட்டால் பூஜ்யத்துக்கு விழும். அமெரிக்க வகைகளில் பரவலாக உள்ளது இதற்கு நேர் எதிர்: பூஜ்யத்தில் 240 ஓம், உச்சத்தில் 33 ஓம். மேலே சொன்ன தொட்டுப் பார்க்கும் சோதனை இந்த இரண்டிலும் எதிரெதிரான விடைகளைத் தரும் என்பதால், எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் முடிவுக்கு வராதீர்கள்.

முள் துடிக்கிறது, அல்லது அவ்வப்போது சரிகிறது

எப்போது துடிக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மேடு பள்ளத்தில் துடித்தால் தளர்ந்த கனெக்டர். நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது சரிந்து, நேராக ஓடும்போது மீண்டால், அது மீட்டரின் பழுதல்ல. ஆயில் தொட்டியில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது. அளவு குறைவாக உள்ள காரில்தான் இது முதலில் தெரியும். இப்படிச் சரியும் முள்ளை நிதானமாக்க வழி தேடுவோர் சிலர் உண்டு. அந்த முள் அப்போது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, அதை அடக்க வேண்டாம்.

மூன்றாவது வகை இந்தக் காருக்கே உரியது. இரவில் விளக்கு சுவிட்சைப் போட்டதும், மூடிக்கிடந்த இரண்டு முகப்பு விளக்குகளையும் மோட்டார்கள் மேலே தூக்குகின்றன. அந்த ஓரிரு நொடிகள் மின்னோட்டம் கூடுதலாகப் பாய்கிறது. சரியாக அந்த நேரத்தில் ஆயில் பிரஷர் முள் ஒரு முறை குனிந்து நிமிர்ந்தால், மீட்டரின் எர்த் பலவீனமாக இருக்கிறது. ரேடியோவின் எர்த் வயரிலோ சிகரெட் லைட்டரின் எர்த்திலோ இணைத்துப் பொருத்திய கூடுதல் மீட்டர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். மீட்டருக்குத் தனி எர்த் வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய பாடி உலோகத்தில் வளைய முனையோடு இறுக்குங்கள். சென்சார் பக்கமும் இதேபோலச் சோதியுங்கள். சென்சாரின் உலோக உடலுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் 1 ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். கூடுதலாகக் காட்டினால், மரையில் யாரோ டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றியிருக்க வாய்ப்புண்டு. ஒற்றை வயர் சென்சார் தன் மரை வழியாகத்தான் எர்த் பெறுகிறது. டேப்பை நீக்கிவிட்டு, மரைக்கான திரவ சீலன்ட்டைச் சிறிதளவு, முதல் இரண்டு மரைகளை விட்டுத் தடவுங்கள்.

இன்ஜின் சூடானதும் அழுத்தம் குறைவாகக் காட்டுகிறது

அதிகம் பேரை மீட்டர் கடைக்கு அனுப்பும் அறிகுறி இதுதான். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் முள் உயரத்தில் நிற்கும். 20 நிமிடம் ஓடிய பிறகு ஆயில் இளகி, சிக்னலில் நிற்கும்போது முள் கீழே வரும். இது இயல்பு. ஆயில் சூடாவதற்கு, இன்ஜினைக் குளிர்விக்கும் நீரை விடக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால், டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தவுடன் எடுக்கும் அளவு சூடான அளவாகாது.

இந்தக் காரின் 1.6 லிட்டர் இன்ஜினுக்கு வொர்க்‌ஷாப் கையேடு தரும் அளவு, சூடான நிலையில் 1000 ஆர்பிஎம்மில் 28 முதல் 43 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்மில் 43 முதல் 57 பிஎஸ்ஐ. ஐடிலிங் வேகம் 850 ஆர்பிஎம் என்பதால், அங்கே முள் இன்னும் சற்றுத் தாழ்வாக நிற்பதில் வியப்பில்லை. மெக்கானிக்குகள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு, ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் குறைந்தது 10 பிஎஸ்ஐ என்பது. முப்பது ஆண்டு ஓடிய இன்ஜினில் முதல் கவலைக் கோடாக அதைக் கொள்ளலாம். ஆனால் கையேட்டின் அளவே இலக்கு.

இங்கேதான் மெக்கானிக்கல் கேஜ் வேலைக்கு வருகிறது. சென்சாரைக் கழற்றி, அதே துளையில் கேஜின் ஹோஸைப் பொருத்துங்கள். துளையின் மரை 1/8 அங்குல பிஎஸ்பிடி, அதாவது அங்குலத்துக்கு 28 மரை, 55 பாகைக் கோணம். அமெரிக்கக் கேஜ்களில் வரும் 1/8 என்பிடி மரை அங்குலத்துக்கு 27, கோணம் 60 பாகை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், முதல் ஒன்றிரண்டு சுற்று கையாலேயே ஏறும், அதன்பின் இறுகும். சீல் ஆகிவிட்டது என்று நினைத்து ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பித்தளை மரை சிதைந்துவிடும். பிளாக்கின் மரையும் பாதிக்கப்படலாம். இரண்டுக்கும் இடையே மாற்றும் அடாப்டர் எளிதாகக் கிடைக்கிறது. அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இன்ஜினை நன்கு சூடாக்கி, ஐடிலிங், 1000, 2000, 3000 ஆர்பிஎம் ஆகிய நான்கு இடங்களில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் கேஜ் நல்ல அளவு காட்டி, டாஷ்போர்டு மட்டும் தாழ்வாகக் காட்டினால், சென்சாரை மாற்றுங்கள். மீட்டருக்கு அடுத்த இடம்தான். இரண்டும் தாழ்வாகக் காட்டினால், எந்த மீட்டரும் உங்களுக்கு உதவாது. அப்போது ஆயிலின் தடிமன் சரியா, கடைசியாக எப்போது மாற்றினீர்கள், டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் ஆயில் பம்ப்பின் ரிலீஃப் வால்வு, பம்ப் தேய்மானம், பேரிங் இடைவெளி என்று இன்ஜினுக்குள் போக வேண்டிவரும். தடித்த ஆயில் ஊற்றினால் முள் உயரும். ஆனால் தேய்ந்த பேரிங்கை அது தேயாததாக்காது. விற்பதற்கு முன் சிலர் செய்யும் காரியம் என்பதால், பழைய கார் வாங்குவோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

மாற்று மீட்டர் வேண்டும் என்று முடிவானால்

மீட்டரையும் சென்சாரையும் எப்போதும் ஒரு ஜோடியாகவே வாங்குங்கள். ஒருமுறை நான் இணையத்தில், 'எல்லா மீட்டருக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த ஒரு சென்சாரைத் தனியாக வாங்கினேன். அது 10 முதல் 180 ஓம் வகை, என்னிடம் இருந்த மீட்டரோ 240 முதல் 33 ஓம் வகை. இன்ஜின் நின்றிருந்தபோது முள் உச்சத்தில் நின்றது, வேகம் கூட்டக் கூட்டக் கீழே இறங்கியது. அன்று முதல், புதிய சென்சார் எதுவானாலும் காரில் பொருத்தும் முன் மேசையில் வைத்துச் சோதிக்கிறேன். சென்சாரைக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரின் ஹோஸில் அடாப்டர் மூலம் பொருத்தி, மல்டிமீட்டரின் ஒரு முனையை மின்முனையிலும் மறுமுனையை உலோக உடலிலும் பிடித்துக்கொண்டு, 0, 20, 40, 60 பிஎஸ்ஐயில் ஓம் அளவைக் குறிக்கிறேன். அளவு படிப்படியாக நகர வேண்டும். தாவினாலோ, ஓரிடத்தில் தேங்கினாலோ அந்தச் சென்சாரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

1994 வரையிலான கார் என்றால், என் பரிந்துரை பழைய மீட்டரையே வைத்துக்கொண்டு, அதற்குரிய சென்சாரைப் புதிதாக வாங்குவதுதான். அமெரிக்கச் சந்தைக்கு வந்தவற்றில் 0, 30, 60, 90 என்று குறித்திருக்கும் அந்த டயல் துல்லியமானதல்ல. ஆனால் உங்கள் இன்ஜின் எந்த நிலையில் முள்ளை எங்கே நிறுத்துகிறது என்பதை மெக்கானிக்கல் கேஜோடு ஒருமுறை ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டால், அதன்பின் மாற்றத்தைக் கவனிக்க அது போதும். 1995 முதல் 1997 வரையிலான காருக்கு, முந்தைய ஆண்டுகளின் மீட்டரையும் சென்சாரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சென்சாரை மட்டும் மாற்றிவிட்டு டயல் உயிர் பெறும் என்று எதிர்பார்க்க முடியாது.

தனி மீட்டர் பொருத்த விரும்பினால், 52 மில்லிமீட்டர் விட்டமுள்ளவை எங்கும் கிடைக்கும்; டாஷ்போர்டின் நடுவே உள்ள வட்டக் காற்றுத் துளைகளில் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே பொருத்துவதற்கான வளையங்களும் விற்கிறார்கள். அளவுகோலைப் பொறுத்தவரை, 0 முதல் 100 பிஎஸ்ஐ அல்லது 0 முதல் 7 பார் வரை போதுமானது. 1 பார் 14.5 பிஎஸ்ஐ என்பதால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. 150 பிஎஸ்ஐ வரை காட்டும் டயலை வாங்கினால், நமக்கு உண்மையில் தேவைப்படும் 10க்கும் 60க்கும் இடைப்பட்ட பகுதி ஒரு மூலையில் நெருக்கிக் கிடக்கும்.

மெக்கானிக்கல் மீட்டரை நிரந்தரமாகக் கேபினுக்குள் பொருத்துவதை நான் தவிர்க்கிறேன். அதன் துல்லியத்தில் குறையில்லை. ஆனால் இன்ஜின் பகுதியையும் கேபினையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே வரும் மெல்லிய நைலான் குழாயில் இன்ஜின் அழுத்தத்திலேயே சூடான ஆயில் நிற்கிறது. ஒரு இணைப்பு விட்டுக்கொடுத்தால் அது ஓட்டுநரின் காலில் விழும். விரும்பியே பொருத்துபவர்கள் செம்புக் குழாயோ உலோகப் பின்னல் ஹோஸோ பயன்படுத்தி, ஃபயர்வால் துளையில் ரப்பர் வளையம் போடட்டும்.

ஸ்டெப்பர் மோட்டார் உள்ள நவீன எலக்ட்ரானிக் மீட்டர்கள், மூன்று வயர் சென்சாரோடு வருகின்றன: 5 வோல்ட், சிக்னல், எர்த். எர்த் தனி வயரில் வருவதால் மரையை நம்பியிருக்க வேண்டியதில்லை, விளக்கு போடும்போது முள் குனிவதும் பெரும்பாலும் இல்லை. குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கும் வசதியும் இவற்றில் பலவற்றில் உண்டு. பணம் அனுமதித்தால் இதையே வாங்குங்கள். மற்ற வகை வாங்குபவர்கள், டி வடிவ இணைப்பு போட்டு ஒரு பிரஷர் சுவிட்சையும் சிவப்பு விளக்கையும் சேர்த்துக்கொள்வது நல்லது. வளைவில் திரும்பும்போது கண் சாலையில் இருக்குமே தவிர டயலில் இருக்காது.

கனமான சென்சாரையோ டி இணைப்பையோ நேராகப் பிளாக்கில் தொங்கவிடாதீர்கள். நான்கு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வில் பித்தளை அடாப்டரின் கழுத்து நாளடைவில் முறியும். முறிந்தால் சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் சாலையில் இருக்கும். பிளாக்கிலிருந்து பின்னல் ஹோஸ் ஒன்றை எடுத்து, சென்சாரைப் பாடியில் ஒரு தாங்கியில் இறுக்குங்கள். ஒற்றை வயர் சென்சாராக இருந்தால், இப்போது அதன் உடலுக்குத் தனி எர்த் வயர் கட்டாயம் தேவை.

பொருத்தி முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முதல் 10 நிமிடத்திலும், ஆறிய பிறகும், மறுநாள் ஓட்டிய பிறகும் துணி சுத்தமாக இருக்க வேண்டும். அதன்பின் சூடான ஐடிலிங்கிலும் 3000 ஆர்பிஎம்மிலும் புது மீட்டர் காட்டும் அளவை, மெக்கானிக்கல் கேஜ் காட்டிய அளவுக்குப் பக்கத்திலேயே, ஊற்றியிருக்கும் ஆயிலின் தடிமனோடும் தேதியோடும் சர்வீஸ் நோட்டில் எழுதி வையுங்கள்.